தைபே தெருக்களில் அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவானுக்குப் படிக்கவோ ஆய்வுக்கோ வேலைக்கோ வரவிருக்கிற நம் ஆட்கள் விசாவையும் உதவித்தொகையையும் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கதவைத் திறந்து தெருவில் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. தைபேயில் குடியிருக்கிற எனக்கு இந்த ஊர்த் தெருக்கள் மேல் பிரியம் அதிகம். ஒரு விஷயத்தில் மட்டும் தீராத கோபமும் உண்டு. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

கட்டடங்களுக்கு அடியிலேயே நடைபாதை போகிறதே, அது என்ன?

அதற்கு இங்கே ச்சீலோ என்று பெயர். கட்டடத்தின் மேல்மாடி தெருப்பக்கம் நீண்டு தூண்களின் மேல் நிற்கும். அந்தத் தூண்களுக்கும் கடை வாசலுக்கும் இடையில் நடக்க வழி. 1895 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் கட்டட விதியாகவே இது நிலைபெற்றது. தைபேயில் குளிர்காலத் தூறல் நாள்கணக்கில் விடாது, கோடை வெயிலோ மண்டையைப் பிளக்கும். இரண்டுக்கும் ஒதுங்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பழைய ச்சீலோக்களை அழகாகப் பார்க்க வேண்டுமானால் தாதாவ்செங் பகுதியில் இருக்கும் திஹுவா தெருவுக்குப் போங்கள். மூலிகை, காய்ந்த காளான், கருவாடு எல்லாம் மூட்டை மூட்டையாக வாசலில் இருக்கும்.

ச்சீலோவின் இடம் வீட்டுக்காரருக்குச் சொந்தம். ஆனால் போக்குவரத்துச் சட்டம் அதை நடைபாதையாகவே கணக்கிடுகிறது. நம் வீட்டுத் திண்ணைதான் இது: கட்டியவர் ஒருவர், உட்காருகிறவர் யாரோ. அதனால்தான் தெருவின் பாதி வாழ்க்கை இங்கே நடக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு வரிசையை மட்டும் சொல்கிறேன். முதலில் சாவி வெட்டுகிறவரின் மேசை. அடுத்தது நூடுல்ஸ் கடை. அடுப்பே வாசலில்தான் இருக்கிறது, அதனால் கொதிக்கிற தண்ணீரின் ஆவி நடக்கிறவர் முகத்தில் அடிக்கும். அதற்கடுத்த வீட்டுப் பாட்டி மாலையில் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கீரையின் தண்டிலிருந்து நாரை ஒவ்வொன்றாக உரிப்பார். கீரை ஒரு கூடையில், நார் காலடியில் ஒரு செய்தித்தாளில். கடைசியில் மெக்கானிக் கடை. பிரித்துப்போட்ட ஸ்கூட்டர்கள், எண்ணெய்க் கறை, அந்த இடத்தில் மட்டும் நாம் தார்ச்சாலையில் இறங்கி நடக்க வேண்டும்.

இன்னொன்று, தரை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் பங்குக்கு ஓடு பதித்திருப்பார், உயரமும் அவரவர் இஷ்டம். பத்து அடிக்கு ஒரு சின்னப் படி வரும். மழை நாளில் வழவழப்பான ஓட்டில் கால் வைத்தால் சறுக்கும். சக்கர நாற்காலியில் போகிறவர்களால் முழு வரிசையையும் கடக்கவே முடியாது. சில நகராட்சிகள் தரையைச் சமப்படுத்திக்கொண்டு வருகின்றன, ஆனால் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது.

குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் என்பது உண்மையா?

உண்மை. மஞ்சள் வண்டி. பீத்தோவனின் ‘எலிஸுக்காக’ அல்லது போலந்துப் பெண் இசையமைப்பாளர் பதார்செவ்ஸ்காவின் ‘கன்னியின் பிரார்த்தனை’, இரண்டில் ஒன்று ஒலிக்கும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த இசையைக் கேட்டால் குப்பைதான் நினைவுக்கு வரும். எனக்கும் இப்போது அப்படித்தான்.

இதன் பின்னால் இருக்கும் கொள்கை எளிது: குப்பை தரையைத் தொடக் கூடாது. தெருமுனையில் பெரிய தொட்டி வைத்து, அது நிரம்பி வழிந்து, நாய் இழுத்துப்போட்டு நாறுகிற கதையே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வண்டி குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட இடத்தில் நிற்கும், நீங்கள் பையோடு போய் உங்கள் கையாலேயே வண்டிக்குள் போட வேண்டும். தைபேயில் புதன், ஞாயிறு இரண்டு நாளும் வண்டி வராது. மற்ற நாள்களில் பெரும்பாலும் மாலையிலிருந்து இரவுக்குள் வரும். வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கைபேசியில் பார்க்கவும் வசதி உண்டு.

பணம் எப்படி? 2000ஆம் ஆண்டு ஜூலைக்கு முன்னால் தைபேயில் குப்பைக் கட்டணத்தைத் தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்தார்கள். எவ்வளவு குப்பை போட்டாலும் ஒரே தொகை என்றால் குறைக்க யாருக்கும் அக்கறை இருக்காதல்லவா? அந்த ஜூலையிலிருந்து பைக்குக் காசு. நகராட்சி முத்திரை போட்ட நீலப் பையில் கட்டிய குப்பையைத்தான் வாங்குவார்கள். 14 லிட்டர் பை ஒன்று ஏறக்குறைய 5 தைவான் டாலர், எந்தக் கடையிலும் கிடைக்கும். மறுசுழற்சிக்குப் போகிற காகிதம், பாட்டில், டப்பா எல்லாவற்றையும் இலவசமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, பிரித்துவைத்தால் பை மிச்சம். மக்கள் பிரித்துவைக்கப் பழகியதன் ரகசியம் இதுதான். போதனையைவிட இந்த 5 டாலர்தான் வேலை செய்தது என்பது என் கருத்து. தைபேயைச் சுற்றியிருக்கிற புதிய தைபே நகரத்திலும் இதே போலப் பை முறை உண்டு. பல ஊர்களில் இன்னும் தண்ணீர்க் கட்டணத்தோடுதான் போகிறது.

வண்டிக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். மஞ்சள் வண்டிக்குப் பின்னால் மறுசுழற்சி வண்டி நிற்கும். சமையல் கழிவுக்கு இரண்டு தனித் தொட்டிகள்: காய்கறித் தோல் மாதிரி பச்சையாக இருப்பது ஒன்றில், சமைத்த மிச்சம் இன்னொன்றில். பச்சைக் கழிவு உரமாகும். சமைத்தது நெடுங்காலமாகப் பன்றித் தீவனத்துக்குப் போய்வந்தது. காகிதம், துணி வகைகளைத் திங்களும் வெள்ளியும், பாட்டில் டப்பா வகைகளைச் செவ்வாய், வியாழன், சனியும் எடுப்பார்கள். மாற்றிக் கொண்டுபோனால் பணியாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார், முகம் சுளிக்காமல்தான். வண்டி வருவதற்கு முன்பே அட்டைப்பெட்டி அடுக்கிய தள்ளுவண்டியோடு வயதான ஓர் அம்மா வந்து நிற்பதைப் பல தெருக்களில் பார்க்கலாம். அக்கம்பக்கத்தார் பாட்டிலையும் அட்டையையும் வண்டிக்குக் கொடுக்காமல் அவர் கையில் கொடுப்பார்கள். எடைக்குப் போட்டு அவர் பிழைக்கிறார். நகரத்தின் மறுசுழற்சிப் பெருமையில் இந்த முதியவர்களுக்கும் பங்குண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அப்புறம், எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிவதே இங்கேதான். லிஃப்டில் தலையாட்டலோடு நிற்கிறவர்கள் குப்பைப் பையோடு நிற்கும்போது பேசிவிடுகிறார்கள்.

தெருவில் குப்பைத்தொட்டியே கண்ணில் படவில்லையே?

மிகவும் குறைவு. வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று பலவற்றை எடுத்துவிட்டார்கள். அப்படிப் போட்டுப் பிடிபட்டால் 1,200 முதல் 6,000 டாலர்வரை அபராதம். பையில் ஒரு சின்னக் கவரை வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஸ்கூட்டர்கள் அவ்வளவு அதிகமா?

சுமார் 2.3 கோடி மக்களுக்கு 1.4 கோடிக்கும் மேல் இருசக்கர வண்டிகள். காலையில் புதிய தைபேயின் சான்சோங் பகுதியிலிருந்து தைபே பாலம் வழியாக வேலைக்கு வருகிற கூட்டம் பாலத்துச் சரிவில் கொட்டுவதை இங்கத்தியரே ‘ஸ்கூட்டர் அருவி’ என்கிறார்கள்.

கவனித்துப் பார்த்தால் இதில் ஓர் ஒழுங்கு தெரியும். சிக்னலில் கார்களுக்கு முன்னால் ஸ்கூட்டர்களுக்கு என்று கட்டம் வரைந்திருக்கும். வண்டிகள் இங்கே சாலையின் வலப்பக்கம் போகின்றன, அதனால் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியது இடப்பக்கத் திருப்பத்தில்தான். பெரிய சந்திப்புகளில் ஸ்கூட்டர்காரர் அப்படி ஒரேயடியாக இடப்பக்கம் திரும்பக் கூடாது. நேராகப் போய், குறுக்குத் தெருவின் முன்னால் வரைந்த கட்டத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, அந்தப் பக்கத்துப் பச்சை விளக்குக்குக் காத்திருந்து போக வேண்டும். இது எங்களை ஓரங்கட்டுகிற விதி என்று ஸ்கூட்டர்காரர்கள் நீண்ட காலமாக எதிர்க்கிறார்கள். சில ஊர்களில் தளர்த்தியும் வருகிறார்கள்.

குளிர்காலத்தில் ஒரு வேடிக்கை: ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றி, கைகளை முன்பக்கத்திலிருந்து நுழைத்து, முதுகுப்பக்கம் திறந்திருக்க ஓட்டுவார்கள். நெஞ்சில் காற்று அடிக்காது, இறங்கியதும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். நானும் சைக்கிளில் போகும்போது அப்படித்தான் போடுகிறேன்.

அப்படியானால் நடந்து போவது பாதுகாப்பானதா?

என் கோபம் இங்கேதான். இரவு ஒரு மணிக்குத் தனியாக நடந்துபோகலாம், திருடனுக்குப் பயப்பட வேண்டாம். பட்டப்பகலில் வரிக்குதிரைக் கோட்டில் கடக்கும்போது திரும்புகிற காருக்குப் பயப்பட வேண்டும். சமீப ஆண்டுகளில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 பேர் சாகிறார்கள், அவர்களில் 350க்கும் மேற்பட்டோர் நடந்து போனவர்கள். நடந்து சாகிறவர்களில் முதியவர்கள்தான் அதிகம்.

காரணம் மனிதர்களின் குணம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டட வரிசைக்கு வெளியே தனி நடைபாதையே இல்லாத தெருக்கள் ஏராளம். ச்சீலோவைக் கடையும் ஸ்கூட்டரும் பிடித்துக்கொள்கின்றன. சந்துகளில் பச்சை வண்ணம் அடித்த ஒரு பட்டைதான் நடைபாதை, அதன் மேலும் ஒரு டெலிவரி வண்டி நிற்கும். நடக்கிறவருக்கும் திரும்புகிற காருக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழுகிற சந்திப்புகள் நிறைய. இப்படித் தெருவை அமைத்துவிட்டு ஓட்டுநரின் பொறுமையை மட்டும் நம்பினால் சாவு நடக்கத்தான் செய்யும்.

2022 கடைசியில் சி.என்.என். இந்த நிலைமையைப் பற்றிச் செய்தி வெளியிட்ட பிறகு ‘நடப்பவர்களின் நரகம்’ என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. 2023இல் நடப்பவருக்கு வழிவிடாத ஓட்டுநருக்கான அபராத உச்சவரம்பை 6,000 டாலராக உயர்த்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று, தெருவை மக்களிடம் திருப்பிக் கொடு என்று தைபேயில் பெரிய பேரணி நடந்தது. குழந்தைத் தள்ளுவண்டியோடு வந்த பெற்றோர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு தைபேயில் கார்கள் கோட்டுக்கு முன்னால் நிற்பது கண்கூடாகவே அதிகரித்திருக்கிறது. மற்ற ஊர்களில் மாற்றம் இன்னும் மெதுவாக இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது: தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன, இங்கே வலப்பக்கம். தெருவில் இறங்கும் முன் முதலில் இடப்பக்கம் பாருங்கள். நடப்பவர்களுக்கான சிக்னலில் தெரிகிற பச்சை மனிதனை நம்பாதீர்கள், திரும்பும் காரின் ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டாரா என்று உறுதிசெய்துகொண்டு நடங்கள். அந்தப் பச்சை மனிதன் நிஜமாகவே நடப்பான், நேரம் முடியப்போகும்போது ஓடுவான். 1999இல் தைபே நகர மன்றத்துக்குப் பக்கத்துச் சந்திப்பில்தான் அவன் முதலில் நடக்கத் தொடங்கினான்.

முகவரியில் இத்தனை எண்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருமுறை பிடிபட்டால் உலகத்திலேயே சுலபமான முறை இதுதான் என்பேன். பெரிய சாலை பகுதிகளாகப் பிரிந்திருக்கும்: ஒன்றாம் பகுதி, இரண்டாம் பகுதி என்று. ஒவ்வொரு பகுதியிலும் கதவு எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒருபக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. சாலையிலிருந்து பிரியும் சந்துக்கும் எண்தான் பெயர். அந்த எண்ணை வரிசையாக வைப்பதில்லை. சந்து எந்தக் கதவு எண் வர வேண்டிய இடத்தில் திறக்கிறதோ அதுவே அதன் எண். 50ஆம் சந்து வேண்டுமென்றால் சாலையின் இரட்டைப்படைப் பக்கம் 48ஆம் எண்ணைத் தாண்டிப் பாருங்கள். சந்துக்குள் பிரியும் முடுக்குக்கும் இதே கணக்கு.

தைபேயில் கிழக்கு, மேற்கு என்று சாலைகள் பிரிவது சோங்ஷான் சாலையில். வடக்கு, தெற்கு என்று பிரிவது சோங்சியாவ் சாலையில். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பகுதி எண்ணைப் பார்த்தே நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று மதிப்பிடலாம். கிழக்கு மேற்காக ஓடும் பெரிய சாலைகளின் பெயர்கள் விசுவாசம், பெற்றோர் பக்தி, கருணை, அன்பு, நம்பகம், நீதி, அமைதி என்று நற்பண்புகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த சீன தேசியக் கட்சி அரசு வைத்த பெயர்கள் அவை. பல தெருக்களுக்குச் சீன நகரங்களின் பெயர்களையும் அப்போதே வைத்தார்கள்.

முக்குக்கு முக்கு இருக்கிற அந்த 24 மணி நேரக் கடைகளில் என்ன விசேஷம்?

நாடு முழுக்க 13,000க்கும் மேல் இருக்கின்றன, பாதிக்கு மேல் செவன் இலெவன். மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பார்க்கிங் கட்டணம் எல்லாம் அங்கேயே கட்டலாம். ரயில் டிக்கெட், பிரிண்ட், ஏடிஎம், பார்சல் அனுப்புவது, வாங்குவது எல்லாமும் உண்டு. கதவு திறந்ததும் ஒரு மணியோசையும் தேயிலையில் ஊறிய முட்டையின் வாசனையும் வரும். பக்கத்திலேயே சூடான கற்களின் மேல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருக்கும். சைவர்களுக்கு நள்ளிரவிலும் கைகொடுப்பது அந்தக் கிழங்குதான். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் படிக்கிற மாணவரையும், ஏசிக்காக வந்து தூங்குகிற முதியவரையும் யாரும் எழுப்புவதில்லை.

ரசீதை ஏன் எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள்?

ஒவ்வொரு ரசீதும் லாட்டரிச் சீட்டு. கடைக்காரர்கள் விற்பனையை மறைக்காமல் பில் போட வேண்டும் என்பதற்காக 1951இல் அரசு கொண்டுவந்த யோசனை. வாங்குபவரே ரசீது கேட்டு வாங்குவார் என்றால் வரி ஏய்க்க முடியாதே! ஒற்றைப்படை மாதங்களின் 25ஆம் தேதி குலுக்கல். உச்சப் பரிசு ஒரு கோடி தைவான் டாலர், குறைந்தபட்சம் 200. வெளிநாட்டவருக்கும் பரிசு உண்டு. உங்களுக்கு வேண்டாம் என்றால் கடை வாசலில் தொண்டு நிறுவனங்களின் பெட்டி இருக்கும், அதில் போட்டுவிடுங்கள்.

சுத்த சைவம். பிழைத்துக்கொள்ள முடியுமா?

முடியும், நன்றாகவே. சிவப்பு அல்லது பச்சைப் பலகையில் ஸ்வஸ்திகைப் பார்த்தால் அது சைவ உணவகம். இங்கே அது புத்த மதச் சின்னம். தட்டை எடுத்துக்கொண்டு இருபது முப்பது வகையில் வேண்டியதைப் போட்டு, எடைபோட்டுக் காசு கொடுக்கிற கடைகள் எல்லாப் பகுதியிலும் உண்டு. மதக் காரணத்துக்காகச் சைவம் சாப்பிடுகிறவர்கள் வெங்காயம், பூண்டையும் விலக்குகிறார்கள். அதனால் பாக்கெட் உணவில் முழுச் சைவம், முட்டைச் சைவம், பால் சைவம், முட்டையும் பாலும் சேர்ந்த சைவம், பூண்டு வெங்காயம் சேர்ந்த சைவம் என்று தனித்தனியாக அச்சிடச் சட்டமே இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று. சாதாரணக் கடையில் ‘வெறும் கீரை’ கேட்டால் பன்றிக்கொழுப்பில் வதக்கியோ, மேலே கறிச்சாறு ஊற்றியோ வரலாம். ஆகவே சைவக் கடைக்கே போங்கள்.

இரவுச் சந்தைக்குப் போவது அவசியமா?

அவசியம். ஷிலின் பெரிதும் பிரபலமும். எனக்குப் பிடித்தவை ராவ்ஹேயும் நிங்சியாவும். ராவ்ஹே வாசலில் மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடுகிற மிளகு ரொட்டிக்கு எப்போதும் வரிசை. உள்ளே பன்றிக்கறியும் வெங்காயத்தாளும் இருக்கும், சைவர்கள் கவனிக்க. நாற்றமடிக்கும் டோஃபுவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை: சாக்கடை வாசனைதான், ஆனால் வாயில் போட்டால் மொறுமொறுப்பும் புளிப்பு முட்டைக்கோசும் மட்டுமே தெரியும். கொய்யாவை உப்பு மிளகாய்த்தூளுக்குப் பதிலாக இனிப்பும் புளிப்புமான பிளம் பொடியில் புரட்டித் தருவார்கள். தெற்கே இருக்கிற தைநான் நகரத்தில் பெரிய சந்தைகள் தினமும் இருக்காது. பூந்தோட்டச் சந்தை வியாழன், சனி, ஞாயிறு மட்டும். கிழமை கேட்டுக்கொண்டு போங்கள்.

வியாபாரிகள் வாலிபரை ‘அழகரே’ என்றும் பெண்களை ‘அழகியே’ என்றும் கூப்பிடுவார்கள். எழுபது வயதுக்காரருக்கும் அதே மரியாதை கிடைக்கும்.

டீக்கடையில் என்ன கேட்கிறார்கள் என்றே புரியவில்லை.

இரண்டு கேள்விதான்: சர்க்கரை எவ்வளவு, ஐஸ் எவ்வளவு. முழுச் சர்க்கரை, ஏழு பங்கு, பாதி, மூன்று பங்கு, இல்லவே இல்லை. மூன்று பங்கே நமக்குத் தாராளம். முத்துப்போட்ட பால் டீயை முதலில் போட்டது தைசுங் நகரத்துச் சுன்ஷுய்தாங்கா, தைநானின் ஹான்லினா என்று இரண்டு கடைகளும் பத்தாண்டு வழக்காடின. யாரும் காப்புரிமை கோர முடியாத பானம், யார் முதலில் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்று 2019இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடை வாசலில் தகர டின்னில் காகிதம் எரிக்கிறார்களே?

முன்னோர்க்கும் தெய்வங்களுக்கும் காணிக்கையான சடங்குப் பணம். வீடுகளில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், வியாபாரிகள் இரண்டும் பதினாறும் வழிபடுவார்கள். மடக்கு மேசையில் பழம், பிஸ்கட், சில நேரம் ஒரு பெட்டி இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், முன்னால் ஊதுபத்தி. ஏழாம் மாதம் ஆவிகளின் மாதம், அப்போது வங்கி வாசலிலும் மேசை போடுவார்கள். மேசையை விட்டு விலகி நடங்கள், எரிகிற டின்னை மிதிக்காமல் இருங்கள், அது போதும். புகையைக் குறைக்கச் சொல்லி நகராட்சிகள் சடங்குப் பணத்தைத் தாங்களே வாங்கி மொத்தமாக எரிக்கும் ஏற்பாடும் செய்திருக்கின்றன.

1738இல் தொடங்கிய லுங்ஷான் கோயிலுக்கு ஒரு சாயங்காலம் போய்வாருங்கள். பிறை வடிவிலான இரண்டு சிவப்பு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். ஒன்று கவிழ்ந்தும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். ஆய்வகத்துக்குப் போனால் சர்வர் கணினியின் மேல் குவாய் குவாய் என்ற நொறுக்குத்தீனியின் பச்சைப் பாக்கெட் வைத்திருப்பதையும் பார்ப்பீர்கள், இயந்திரம் சொன்னபடி கேட்க வேண்டுமென்பதற்காக. பாக்கெட் பச்சையாகத்தான் இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. அதை எடுத்துத் தின்றுவிடாதீர்கள்.

நியான் விளக்குக் கண்ணாடிப் பெட்டியில் விற்பது என்ன?

பாக்கு. பச்சைப் பிஞ்சுப் பாக்கைக் கீறிச் சுண்ணாம்பு வைத்தோ, வெற்றிலையில் சுற்றியோ கொடுப்பார்கள். லாரி ஓட்டுநர்களும் கட்டட வேலைக்காரர்களும் தூக்கம் வராமலிருக்க மெல்லுகிறார்கள். தாம்பூலம் போட்டுப் பழகியவர்கள் ஆசைப்படலாம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது, தைவானில் வாய்ப் புற்றுநோய்க்கு இது பெரிய காரணம். தொடாதீர்கள்.

மெட்ரோவில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?

கூடாது. 1,500 முதல் 7,500 டாலர்வரை அபராதம். சூயிங்கமும் சேர்த்துத்தான். 1996இல் ஓடத் தொடங்கிய ரயில் இன்னும் புதிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெருவில் எந்நேரமும் ஒலிபெருக்கிச் சத்தம் வருகிறதே?

கொசுவலைக் கதவு, ஜன்னல் பழுதுபார்க்கிற வேன். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு மெதுவாக உருண்டுகொண்டே போகும், வேண்டியவர்கள் பால்கனியிலிருந்து கைதட்டிக் கூப்பிடுவார்கள். தேர்தல் வந்தால் வேட்பாளரின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

பூங்காவில் முதியவர்களோடு இருக்கிற அந்தப் பெண்கள் யார்?

பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வந்த பராமரிப்புப் பணியாளர்கள். வீடுகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை செய்கிறார்கள். மாலை நான்கு மணிக்குப் பூங்காவுக்குப் போனால் சக்கர நாற்காலிகள் வட்டமாக நிற்கும். தாத்தா பாட்டிகள் ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்பார்கள், பின்னால் இந்தப் பெண்கள் ஜாவா மொழியில் ஒரு நாளின் பேச்சையெல்லாம் பேசி முடிப்பார்கள். பலருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஓய்வு. வீட்டுப் பணியாளர்களுக்குத் தொழிலாளர் தர நிர்ணயச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, வாராந்தர விடுப்புக்கூடப் பலருக்கு உறுதியில்லை. விடுப்புக் கிடைத்தவர்கள் ஞாயிறன்று தைபே ரயில் நிலையத்தின் கறுப்பு வெள்ளைக் கட்டத் தரையில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பங்கிடுவார்கள். 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி அங்கே உட்காரத் தடை போட்டார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் விலக்கினார்கள். இந்த ஊர் முதுமையைத் தாங்கிப் பிடிப்பவர்கள் இவர்கள். இவர்களுக்கு இந்தத் தெரு கொடுக்கும் இடம் போதவே போதாது.

நம்மை எப்படி நடத்துவார்கள்?

நேரில் பழகுகிறவர்கள் பெரும்பாலும் அன்பாகவே இருக்கிறார்கள். வழி கேட்டால் கூடவே நடந்துவந்து விடுவார்கள். ஆனால் வெளிநாட்டவர் என்றதும் வீடு தர மறுப்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர்களை அழைத்துவரும் ஒப்பந்தம் கையெழுத்தான நேரத்தில் இணையத்தில் நம்மைப் பற்றி அருவருப்பான பேச்சு ஓடியது. வடகிழக்கு இந்தியர்களின் நிறத்தைப் பற்றித் தொழிலாளர் அமைச்சர் சொன்ன வார்த்தைக்கு அரசு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அதே சமயம் அந்த வெறுப்பைக் கண்டித்து எழுதிய தைவானியர்களும் நிறையப் பேர். இரண்டையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

நிலநடுக்கம், புயல் வந்தால்?

நிலநடுக்க எச்சரிக்கையாகக் கைபேசி அலறினால் தலையை மூடி மேசைக்கு அடியில் போங்கள், வெளியே ஓடாதீர்கள்: ஜன்னல் கம்பி, விளம்பரப் பலகை, ஓடு எல்லாம் தெருவில்தான் விழும். 2024 ஏப்ரல் 3 அன்று கிழக்குக் கரையில் இருக்கும் ஹுவாலியனில் 7.2 அளவில் நிலநடுக்கம் வந்தபோது தைபேயிலும் மெட்ரோ நின்றது. புயல் என்றால் முந்தின இரவே ஒவ்வொரு ஊர் மேயரும் விடுமுறையா இல்லையா என்று அறிவிப்பார். அன்று சூப்பர்மார்க்கெட்டில் கீரை காலியாகிவிடும், மதியமே வாங்கிவிடுங்கள்.

சீனம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

தைபேயில் முடியும், மெட்ரோ பலகைகளில் ஆங்கிலம் உண்டு, கைபேசியில் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. இருந்தாலும் எண்கள், ‘சைவம்’, ‘பாதிச் சர்க்கரை’, ‘எவ்வளவு’, ‘பை வேண்டாம்’ இவற்றை வந்த வாரமே கற்றுக்கொள்ளுங்கள். காலை டிபன் கடை அக்காவிடம் நாலு நாள் ஒரே முட்டைச் சுருள் வாங்கினால் ஐந்தாம் நாள் அவரே பேச்சுக்கொடுப்பார். சொன்னது புரியவில்லை என்றால் திருப்பிக் கேளுங்கள், சலிக்காமல் சொல்லித் தருவார்கள். கடை பதினொரு மணிக்குள் மூடிவிடும், சீக்கிரம் எழுந்திருங்கள்.